பூனைகளை எழுப்பாதவர்

ஆறாவது போனில் பூனை விழித்துக்கொண்டது. அவர் "ப்ச்" என்று சொல்லி அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தார். மற்ற ஐந்திலும் பூனைகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, விரலையும் துடைத்து, மறுபடி முதல் போனிலிருந்து தொடங்கினார். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பாதி அவருடையது. தட்டு வைக்க வருகிறவர்கள் மறுபாதியில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆறு போன்களில் மூன்றாவது, மனைவி வேண்டாம் என்று தள்ளிவிட்டது. கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை விரிசல். அவருக்கு அதன்மேல்தான் மதிப்பு அதிகம். "உலகத்துல பாதிப் பேரு உடைஞ்ச கண்ணாடியிலதாங்க ஆடுறாங்க. புதுப் போன்ல ஓடினா அது ஒரு பெருமையா?" என்பார்.

செல்போனில் ஆடும் புதிர் விளையாட்டுகளைத் தனி ஆளாக உருவாக்குகிறவர். 'விளையாட்டுகள்' என்று பன்மையில் சொன்னால் அவரே திருத்துவார்: "ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் முயற்சி." அந்த ஒன்றுக்கு இப்போது வயது பதினொன்று. ஓர் அறை, தரை முழுக்க விரிப்புகள், விரிப்புகளின் மேல் தூங்கும் பூனைகள். விரிப்புகளை விரலால் இழுத்து நகர்த்திக் கதவு வரை ஒரு வழி உண்டாக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பூனை ஒரு கண்ணைத் திறக்கும். இன்னொரு தரம் அவசரப்பட்டால் எழுந்து, சோம்பல் முறித்து, ஆடுகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். ஆட்டம் முதலிலிருந்து. அந்தப் பார்வையை வரைய மட்டும் அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. "திட்டுற மாதிரி இருக்கக் கூடாது. 'சரி, உன்னால அவ்ளோதான் முடியும்'னு இருக்கணும்." இத்தனைக்கும் அவர் பூனை வளர்த்ததில்லை. ஒரு பூனை பத்தடி தள்ளி நின்றாலே அடுக்குத் தும்மல் வந்துவிடும்.

தெருவில் அவருக்குப் 'பூனைக்காரர்' என்று பெயர். என்ன தொழில் என்று கேட்டவர்களுக்கு மகள் சின்ன வயதில் சொன்ன பதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருமுறை கூடையோடு ஓர் அம்மாள் வந்து வாசலில் நின்று, "வெள்ளையில ஒரு பெட்டைக்குட்டி இருந்தா குடுங்க" என்றார். அவர் விளக்கினார். அந்த அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க, அடுத்த ஈத்துல சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே போனால் அவர் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். வங்கி வரிசை, முடிவெட்டும் கடை, ரயில் பெட்டி, எங்கே நின்றாலும் யார் எந்த விரலால் போனைத் தொடுகிறார்கள் என்பதில்தான் கண். மனித குலம் அவருக்கு இரண்டே சாதி: கட்டைவிரல்காரர்கள், ஆள்காட்டிக்காரர்கள். "கட்டைவிரல்காரங்களுக்கு அவசரம். ஒரு கையில பை இருக்கும், இல்ல குழந்தை இருக்கும். ஆள்காட்டி விரல்ல ஆடுறவங்கதான் உக்காந்து ஆடுறவங்க." தன் விளையாட்டு உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கானது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. உலகத்தில் உட்கார நேரமுள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

வாரம் ஒரு புது அறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு. தொடங்கிய உற்சாகத்தில் யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு அது. காய்ச்சலிலும் அறையைக் கொடுத்தார். வீடு மாறிய அன்று, மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து கொடுத்தார். மாமனார் இறந்த வாரம், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் இருக்க, குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொடுத்தார். ஒவ்வோர் அறையையும் முதலில் தன் கையால் ஆடி ஜெயித்த பிறகுதான் வெளியே விடுவார். "நான் திறக்காத கதவ இன்னொருத்தரத் திறக்கச் சொல்ல மாட்டேன்." ஐந்நூற்றெழுபது அறைகளுக்கும் அவரே முதல் ஆள்.

ஆனால் ஐந்நூறைத் தாண்டியதும் அறைகள் வருவது நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் வரை வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரைந்தது எல்லாம் எப்போதோ வரைந்ததாகத் தெரியும். போதாக்குறைக்குப் போன் தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை உள்ளே எதையோ மாற்றுவார்கள். விரலின் வேகத்தைப் போன் அளக்கும் விதம் மாறிவிடும். நேற்று வரை தூங்கிய பூனை இன்று தொட்டதும் துள்ளி எழும். உலகமெங்கிருந்தும் புகார் வரும். அவர் மறுபடி ஆறு போன்களையும் வரிசையாக வைப்பார். "வீடு கட்டினவன் மாதிரி இல்லங்க நான். கூரையக் கையில தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிறவன் மாதிரி. கைய எடுத்தா விழுந்துடும்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

மனைவி மருந்துக் கடையில் வேலை. பகல் முழுக்க நின்ற கால்களை மாலையில் வெந்நீரில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்து அறையை ஆடிப் பார்ப்பார். பூனை விழித்தால் விளையாட்டைத் திட்ட மாட்டார், கணவரைத் திட்டுவார். "அஞ்சு பூனையையும் ஒரே மூலையில போட்டா நான் எங்க போறது? உங்க புத்தி மாதிரியே இருக்கு ரூமு." பிறகு ஜெயித்துவிடுவார். ஜெயித்ததும் போனைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு நிமிடத்தைத்தான் கணவர் வாரம் முழுக்கச் சம்பாதித்தார் என்று சொல்லலாம்.

வீட்டில் அடிக்கடி பேச்சில் அடிபடும் இன்னோர் ஆளின் பெயர் 'முந்நூத்திப் பதினெட்டு'. யாரென்று தெரியாது. அந்த எண்ணுள்ள அறையில் இரண்டு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆட்டக்காரர். மாதம் ஒரு கடிதம் எழுதுவார், "இன்னும் முடியல. வழி சொல்லிடாதீங்க" என்று. அவ்வளவுதான் கடிதம். மகள், "அப்பா, பேசாம ஒரு ஹின்ட் பட்டன் வெச்சிடுங்கப்பா, பாவம்" என்பாள். "அவருதான் வேண்டாங்கிறாரே, உனக்கென்ன நோவு?" என்பார் அவர்.

பதினொரு வருடம் ஒரே மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு உண்மையில் அலுத்துப்போனது பூனைகள் அல்ல. ஒருநாள் மதியம், எண் தவறி வந்த அழைப்பில் யாரோ வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டி வேண்டும் என்று கேட்க, அவர் கால் மணி நேரம் அந்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். எந்தத் தெரு, எத்தனை மாடி, கட்டில் வாசலுக்குள் நுழையுமா, எந்தப் பக்கம் சாய்த்தால் நுழையும் என்று. வைத்த பிறகுதான் தனக்கே வெட்கமாக இருந்தது. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தன் தம்பியைப் போனில் கூப்பிட்டார்.

மைத்துனன் அதே வாரம் வந்தான். "மாமா, எங்க கம்பெனிக்குப் பக்கத்து மாடியில கேம் பண்றாங்க. உங்க வயசு அவங்களுக்கு ஒரு விஷயமில்ல, உங்க கை வேணுங்கிறாங்க. ஒரு நடை வந்து பாருங்க. புடிக்கலன்னா காபி குடிச்சிட்டு வந்துடுங்க."

நேர்காணலில் இருந்த மேலாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பொறுமையான, மரியாதையான பெண். பூனைகளைத் தான் நூற்றிருபதாவது அறை வரை ஆடியிருப்பதாகச் சொன்னபோது இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா சார், உங்க கேம்ல ஒரே ஒரு குறை. ஜெயிச்சவங்க திருப்தியா போனைக் கீழ வெச்சிட்டுப் போயிடறாங்க."

"அது நல்லதுதானேம்மா?"

"அவங்களுக்கு நல்லது."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஒரு மேசையைச் சுற்றி எல்லோரோடும் சேர்ந்து சிரித்து எத்தனை வருடமாயிற்று என்றுதான் அப்போது தோன்றியது.

பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். வண்ண மணிகளை இடம் மாற்றிச் சேர்க்கும் விளையாட்டு. இருபது நகர்வுகளுக்குள் முடிக்க வேண்டும். "முடிக்க முடியாத மாதிரி அடுக்கணும் சார். ஆனா கடைசி வரைக்கும் முடிஞ்சிடும்னு தோணணும். ஒரே ஒரு நகர்வு குறையணும். அந்த ஒண்ணுக்காகத்தான் விளம்பரம் பாத்துட்டு மறுபடி ஆடுவாங்க." இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அவர் நாற்பது நிமிடத்தில் முடித்தார். மேலாளரே ஆடிப் பார்த்து, பத்தொன்பதாவது நகர்வில், "வந்துடுச்சு!" என்று துள்ளி, இருபதாவதில் தோற்று, வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டார், "எப்படிப் பண்ணீங்க?"

"நல்லா வந்துச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா வந்துச்சு. அதான்."

மனைவி அருகே உட்கார்ந்தார். "போனாலும் சரி, போகலன்னாலும் சரி. எனக்காகப் போறேன்னு மட்டும் சொல்லிக்காதீங்க. அப்புறம் அந்தப் பழியும் என் தலையில விழும்."

"உனக்காக இல்ல. எனக்கே முடியல" என்றார் அவர்.

இரண்டு நாள் யோசித்துச் சம்மதம் சொன்னார். ஞாயிறன்று புது அறைக்குப் பதிலாக ஒரு குறிப்பைப் போட்டார்: இத்தோடு அறைகள் முடிந்தன, பூனைகள் இருக்கிற வரை இருக்கும், நன்றி. அதை எழுத ஒரு நாள் முழுக்க ஆயிற்று. நானூறு பதில்கள் வந்தன. சிலர் அழுதார்கள், ஒருவர், "அப்பாடா, இனி ஞாயித்துக்கிழம துணி துவைக்கலாம்" என்று எழுதினார். முந்நூத்திப் பதினெட்டின் பதில் மூன்றாம் நாள் வந்தது: "நல்லது. ஓய்வு எடுங்க. நான் மெதுவா வந்து சேர்றேன்." அதை மனைவிக்குப் படித்துக் காட்டத் தொடங்கி, பாதியில் போனை நீட்டிவிட்டார். மீதியை மனைவியே வாங்கிப் படித்துக்கொண்டார்.

அலுவலகம் அவருக்குப் பிடித்துத்தான் போயிற்று. அதை மறைத்துச் சொன்னால் பொய்யாகும். பதினோரு மணிக்கு யாராவது வந்து, "சார், டீக்கு வரலியா?" என்றால் போதும், செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பல்வலி என்றால் மனைவியிடம் கேட்டு மருந்தின் பெயர் எழுதிக்கொண்டு வருவார். அவர் அடுக்கும் ஆட்டங்கள் எதுவும் தப்பியதில்லை. ஒரு நகர்வு, கச்சிதமாக ஒரே ஒரு நகர்வு குறையும். மற்றவர்கள் அடுக்கியதில், சோதனைக்கு ஆட வரும் ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவருடையதில் தங்களையே நொந்துகொண்டு மறுபடி ஆடுவார்கள். எப்படி என்று சக ஊழியர்கள் கேட்டால், "பழக்கந்தான்" என்பார். மேசை மேல் ஒரே ஒரு போன். புத்தம் புதியது.

மூன்றாம் மாதம் அந்த மணி விளையாட்டு வெளியே வந்தது. அடுத்த வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்று, அதன்மேல் போன். ஆள்காட்டி விரலால் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த அவருக்கு, பார்க்காமலே மணிகளின் ஓசையில் எந்த ஆட்டம் என்று தெரிந்துவிட்டது. எத்தனையாவது கட்டம் என்பதும் தெரிந்தது.

அந்தப் பெண் அவசரமே படவில்லை. ஒவ்வொரு மணிக்கும் யோசித்தார். பதினெட்டு. பத்தொன்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இருபது. தோற்றார். விளம்பரம் ஓடியது, அது முடியும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி காத்திருந்து, மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடம். மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றதும், "மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே எனக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோபமில்லை அந்தக் குரலில். ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

அவர் இரண்டு நிறுத்தம் வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவதில் தன்னை அறியாமல் வாய் திறந்துவிட்டார்.

"அது முடியாதும்மா. யார் ஆடினாலும் முடியாது. உங்க மேல தப்பில்ல."

அந்தப் பெண் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். போனைக் கோப்பின் மேல் கவிழ்த்தார்.

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்க ஆடியிருக்கீங்களா இத?"

பேருந்து ஒரு குலுக்கலோடு நின்று கிளம்பியது. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டை நெஞ்சின் மேல் ஆடியது. அவர் அதைப் பிடித்து, எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி திருப்பி, சட்டைப் பைக்குள் மெதுவாகத் தள்ளிவிட்டார்.