குதிரை வருஷத்து அக்கா

மீனவர் சங்கம் நடத்தும் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து ஒக்சிமுக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது நிறைந்தவர்களுக்கான போட்டி. அடையாள அட்டைப்படி அவளுக்கு அறுபது. உள்ளபடி ஐம்பத்தேழு.

அம்மாவுக்கு முதலில் பிறந்த பெண் அம்மை போட்டு, நடை பழகும் முன்பே போய்விட்டாள். இறப்பைப் பதிய மலை தாண்டிப் போக வேண்டும். அப்பா போகவில்லை. அடுத்துப் பிறந்த இவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள், பிறந்த தேதியோடு சேர்த்து. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. கல்யாணமாகி இந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது ஒக்சிம் அட்டையில் இருந்த வயதைத்தான் சொன்னாள். அங்கே கணவாய் மீன் கீறும் பெண்கள் அதை வைத்தே மூத்தவர்கள் உட்காரும் நிழலில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். அவர்களில் ஒருத்தியான தல்சுன் உள்ளபடி அவளைவிட இரண்டு வயது மூத்தவள், அட்டைப்படி ஒரு வயது இளையவள். அவள்தான் அன்று முதல் 'அக்கா' என்றாள், 'நீங்க' என்றாள். முதலில் அது இதமாக இருந்தது. பிறகு உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கவே முடியாமல் போயிற்று.

போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்ததும் தல்சுன்தான்.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. இல்லைன்னா உங்களை விட்டிருப்பேனா? குரல் எனக்குத்தான் அக்கா நல்லா இருக்கும்."

"பேரை எடுத்துடு, தல்சுன்."

"கிழவிக்கு வெட்கத்தைப் பாரு," என்று மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

போன வருஷம் பரிசு வாங்கிய ஒருத்திக்கு ஐம்பத்தாறுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துறைமுக ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். அவள் அப்புறம் சந்தைப் பக்கமே வரவில்லை. ஒக்சிம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாளில் தல்சுன் கூடவே வந்தாள், இரவல் வாங்கிய ஜிகினாச் சட்டையைத் தூக்கிக்கொண்டு. மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் எல்லோரிடமும் பிறந்த வருஷத்து மிருகத்தைக் கேட்டார். அங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று. வயதை மாற்றிச் சொல்பவர்கள் எண்ணைத்தான் மனப்பாடம் செய்வார்கள், மிருகத்தில் சறுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். முன்னால் நின்றவர் "புலி" என்று சொல்லி உறுமிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒக்சிம் வாய்க்குள் குதிரை, குதிரை என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா வேலை?"

"கணவாய் கீறுறேன்."

"என்ன வருஷம்?"

"சேவல்."

பெரியவர் அட்டையைப் பார்த்தார். "இது குதிரை வருஷமாச்சே. சேவல் அதுக்கு மூணு வருஷம் கழிச்சுல்ல வரும்?"

தல்சுன் முன்னால் வந்தாள்.

"பயத்துல உளறுறாங்க ஐயா. இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து கீறுறேன், எனக்குத் தெரியாதா? நான் ஆடு, அவங்க எனக்கு ஒரு வருஷம் முன்னாடி, குதிரை. சந்தேகம்னா என் பேரையும் எழுதிக்குங்க. பொய்யா இருந்தா என்னைக் கேளுங்க."

பெரியவர் பேனாவை எடுத்தார். ஒலிபெருக்கியில் தல்சுன் பெயரும் வரப்போவது ஒக்சிமின் காதில் இப்போதே கேட்டது.

"எழுதாதீங்க," என்றாள். "சேவல்தான். குதிரை என் அக்கா. அவ செத்துட்டா."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களாச் சொன்னதால இதோட விட்டுடறேன். போங்கம்மா."

வெளியே தல்சுன் முன்னால் நடந்தாள். ஒக்சிம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். ஒலிபெருக்கிப் பயம் போய்விட்டது. இப்போது அந்த முதுகுதான் பயமாக இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் தல்சுன் திரும்பினாள்.

"அப்ப எனக்குச் சின்னவ."

"ம்."

"நிழல்ல உன்னை உக்கார வச்சுட்டு வெயில்ல நான் உக்காந்திருக்கேன்."

'உன்னை' என்று அவள் சொல்லி ஒக்சிம் இதுவரை கேட்டதில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு எல்லாரும் இருக்கும்போது நீயே சொல்லு."

பஸ் வந்தது. தல்சுன் ஏறினாள். ஒக்சிம் கீழேயே நின்றாள்.

"ஏறுறியா இல்லையா?"

"ஏறுறேன், அக்கா."

மெல்லத்தான் சொன்னாள். தல்சுன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரலாமா என்று ஒக்சிமுக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.