வந்தவர்களைப் பழக்கும் செல்வமணி

கடைப்படியில் கால் வைத்த ஆளை செல்வமணி பார்ப்பதில்லை. முதலில் பூனையைத்தான் பார்க்கிறான். பீங்கான் தட்டுகள் அடுக்கிய பலகையில், கண்ணாடித் தம்ளர்களுக்கும் வளையல் அடுக்குகளுக்கும் நடுவே, ஒரு செவலைப் பூனை படுத்திருக்கும். அதன் காது நிமிர்ந்தபடி இருந்தால் வந்தவருக்கு ஸ்டூலைக் காட்டுவான். காது பின்னால் மடங்கினால், "அங்கனயே செத்த நில்லுங்க. அது உங்களப் பாத்து முடிக்கட்டும்" என்பான். வந்தவர் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிற போடி முதலாளியாக இருந்தாலும் படியில் நிற்க வேண்டியதுதான். நிற்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தேனி பஜாரில் செல்வமணியின் கடைக்கு நேர் எதிர்க்கடை என்னுடையது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, மூன்றும் மொத்த வியாபாரம். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு இதே பஜாரில் மூட்டை தூக்க வந்தவன் நான். இன்றைக்குச் சுயம்புலிங்கம் என்று சொன்னால் கூடலூர் வரைக்கும் மாடு வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். என் குரலே எனக்குக் கைமுதல். ஏலத்தில் நான் ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் நிற்கிற லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட என் கடையில் சரக்கு வாங்க வந்தவர்கள், வண்டியில் மூட்டை ஏறுகிறவரை எங்கே போய் உட்காருகிறார்கள்? எதிரே. நான் போட்டு வைத்திருக்கிற மெத்தை நாற்காலி காலியாகக் கிடக்கும். அவனுடைய ஆடுகிற ஸ்டூலுக்கு ஆள் காத்திருக்கும்.

ஆள் ஒல்லி. தரையில் தண்ணீர் சிந்தியிருப்பதுபோல மெதுவாகக் கால் வைப்பான். கோப்பையை நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காதில் வைத்து, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுப்பான். அதைச் செய்தித்தாளில் சுற்றும்போது தாள் சலசலக்காது. எப்படி என்று நானும் என் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்தேன். சலசலத்தது.

சட்டைப் பையில் எப்போதும் நெத்திலிக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் போடுகிற காணிக்கைக் காசும் அதே பையில்தான். அவன் மனைவி ஜெபராணி ஒருநாள் என் வீட்டுக்காரி அன்னத்தாயிடம் அழாக்குறையாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"காணிக்கைப் பை எங்க வரிசைக்கு வந்துட்டா எல்லாரும் மூக்கப் பொத்துறாகக்கா. பாதிரி ஐயரே கேக்காக, செல்வமணி வந்துட்டாரான்னு. ஆளப் பாத்தில்ல, வாடையப் பிடிச்சு!"

இந்தக் கருவாட்டுக்காரனைத்தான் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கூப்பிடுகிறார்கள். எதற்கு? வீட்டுக்கு ஆள் வந்தால் மிரளுகிற பூனைகளுக்கு. ஓடைப்பட்டியில் வேலுச்சாமி என்று ஒரு திராட்சைத் தோட்டக்காரர். அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் பூனை கிணற்று மோட்டார் அறைக்குள் புகுந்துவிடும். இரண்டு வேளைச் சோறு திங்காது. செல்வமணி போனான். பூனையைத் தேடவே இல்லையாம். பீங்கான் வந்து இறங்கிய வைக்கோல் பெட்டி ஒன்றை அலமாரி உச்சியில் ஏற்றி, அந்த வீட்டம்மா உடுத்திக் கழித்த சேலையை உள்ளே விரித்தான். அப்புறம் வீட்டுக்காரரையும் திராட்சை வாங்க வந்த வியாபாரிகளையும் வரிசையாக உட்கார வைத்துச் சொன்னானாம்:

"பூனைக்கு ஏற ஒரு எடம் வேணும், ஒளிய ஒரு எடம் வேணும். அம்புட்டுத்தான். அதுக்கு நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம். வர்ற ஆளுகளுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும். கூப்பிடாதீக, தேடாதீக, கண்ணுக்குக் கண்ணு பாக்காதீக. நம்மளப் பாக்க அது வரும். நாம அதப் பாக்கப் போகக் கூடாது."

வேலுச்சாமி ஒரு கூடை திராட்சை கொடுத்தனுப்பினார். செல்வமணி அதில் பெரிய குலையாகப் பார்த்து எனக்குக் கொண்டுவந்தான். திராட்சை இனித்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அல்லிநகரத்தில் நான் கட்டிய வீட்டை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கூடம் முழுக்க மொசைக். மதுரையிலிருந்து லாரியில் வந்த ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. குடோனில் எலிக்காக வைத்திருந்த ஒரு சாம்பல் பூனையை என் மகள் முத்துப்பேச்சி வீட்டுக்குத் தூக்கி வந்து 'சாம்பி' என்று பேர் வைத்தாள். குடிப்பது என் வீட்டுப் பால். ஆனால் நான் உள்ளே நுழைந்தால் கட்டிலுக்கு அடியில். என் நிழல் விழுந்தாலே அடுக்களைப் பரணில்.

முதல் ஈற்றின்போது என் மைத்துனன் வீட்டார் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். குட்டி பார்க்கிறோம் என்று கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து, கைதட்டி, ஒரே கும்மாளம். சாயங்காலமே சாம்பி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கம்பம் ரோட்டைத் தாண்டப் போனது. அந்த ரோட்டில் லாரி ஓடுகிற ஓட்டம் தெரியும்தானே. ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை. முத்துப்பேச்சி பல நாள் யாரோடும் பேசவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் போடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெரிய இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் சங்கரலிங்கம் ஏலக்காய் வியாபாரி. அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முந்தி சாம்பி மறுபடியும் குட்டி போட்டது. எங்கே? அந்த இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், பட்டுச்சேலை மேல். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் வீட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அடுக்களை, குளியலறை, மாடி என்று ஒரு சுற்று வருவார்கள். ஒரு கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே என்னவோ இருக்கிறது என்று ஊர் போய்ச் சேருவதற்குள் நாலு கதை கட்டிவிடுவார்கள். பூனையை குடோனுக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

"குட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சேலை மாத்தி வெளிய வர மாட்டேன்" என்றாள் முத்துப்பேச்சி. "போடிக்காரக உங்களயே பாத்துட்டுப் போகட்டும்."

என் பிடிவாதம் என் பிள்ளைக்கு அப்படியே வந்திருக்கிறது. அன்னத்தாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எதுத்தாப்புல இருக்கிற மனுசன ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன? கிரீடமா எறங்கிரும்?"

ரோட்டைத் தாண்டி அவன் கடைக்குப் போனேன். அவன் படியில் என்னையும் நிறுத்தினான். செவலை பார்த்து முடிக்கிறவரை நின்றேன். விஷயத்தைச் சொன்னதும், "எடத்த மாத்தாதீக அண்ணாச்சி. மாத்துனா அதுவே வேற எடம் பாத்துரும், போன தடவ மாதிரி" என்றான்.

மறுநாளே வந்து பீரோக் கதவை அரைவாசி திறந்தபடி நிறுத்தி, பழைய போர்வை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டான். அதற்கப்புறம் தினம் ஒரு ஆளைக் கூட்டி வந்தான். ஒருநாள் ஜெபராணி, ஒருநாள் என் கடைக் கணக்கப்பிள்ளை, ஒருநாள் யாரோ வழியில் போனவர். எல்லாரும் அறை வாசலில் சம்மணம் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, விலைவாசியைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, ஆளுக்கொரு கருவாட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். முதல் நாள் போர்வை அசையவில்லை. அப்புறம் மூக்கு தெரிந்தது. அப்புறம் முழுப் பூனையும் வந்து தின்றுவிட்டுப் போனது. வழியில் போனவர் வைத்த கருவாட்டைக்கூடத் தின்றது!

"நானும் உக்காரவா?" என்று கேட்டேன்.

"நீங்க வேண்டாம் அண்ணாச்சி. உங்க குரலுக்கு அது பெறகு பழகட்டும்."

என் வீட்டில், என் பணத்தில் போட்ட மொசைக்கில், எனக்கு உட்கார இடம் இல்லை. முத்துப்பேச்சி அவனைச் சித்தப்பா, சித்தப்பா என்று சுற்றி வந்தாள். அவன் வருகிற நேரத்துக்குக் காப்பி தயாராக இருக்கும். அந்தப் பிடிவாதப் பேச்சை விட்டால், என்னிடம் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி ஒரு வருஷம் இருக்கும். நெஞ்சில் மிளகாயைத் தேய்த்ததுபோல இருந்தது. பொறாமைதான், வேறென்ன? உழைத்து முன்னுக்கு வந்தவனுக்கு எவனைப் பார்த்தும் பொறாமை வரக்கூடாது என்று சட்டமா?

போடியிலிருந்து வேன் வந்தது. சங்கரலிங்கம் சலவை வேட்டியோடு மல்லுக்கட்டி இறங்கினார். பின்னாலேயே அவருடைய அக்கா, மாப்பிள்ளைக்கு அத்தை. இரண்டு கையிலும் முன்கை பாதி வரை கண்ணாடி வளையல். அந்த அம்மாதான் அந்த வீட்டுக்கு மந்திரி என்று முன்னமே தெரியும். வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தேன். பீரோ இருந்த அறை வாசலில் செல்வமணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே இருட்டு. அந்த அம்மா நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, ரூமுக்கு ஆளுக் காவலு? உள்ள யாரும் சொகமில்லாம இருக்காகளா?"

கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பார்வை போதும். சம்பந்தம் முறிய வேறு ஒன்றும் வேண்டாம்.

"பூனை குட்டி போட்டுருக்கும்மா" என்றான் செல்வமணி, உட்கார்ந்தபடியே.

"பூனைக்குக் காவலா? எங்க காதுல பூச்சுத்தப் பாக்கீகளா? தள்ளுங்க, நான் பாக்கேன்."

வளையல் சத்தத்துக்கு உள்ளே போர்வை ஆடியது. ஒரு மெல்லிய உறுமல். பக்கத்து அறைக் கதவிடுக்கில் முத்துப்பேச்சியின் கண் தெரிந்தது. இன்னும் சேலை மாற்றவில்லை. அந்த அம்மா ஒரு அடி வைத்தால் பூனை ஜன்னல் வழியே ரோட்டுக்குப் போகும். தடுத்தால் வேன் போடிக்குத் திரும்பும். எனக்கு இன்னொரு பயமும் வந்தது. சத்தம் போடுகிற வளையலைக் கழற்றச் சொல்லிவிடுவானோ? சுமங்கலியைப் பார்த்து, அதுவும் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தால் முடிந்தது.

செல்வமணி வளையல் விற்கிறவன். தலை நிமிர்ந்து அந்தக் கைகளை ஒருமுறை பார்த்தான்.

"நல்லாப் பாருங்கம்மா. பாக்கத்தான் வந்திருக்கீக. முந்தானைய மட்டும் வளையல் மேல ஒரு சுத்து சுத்திக்கிட்டு, இங்கன எம்பக்கத்துல உக்காருங்க. கண்ணு சொவத்துல இருக்கட்டும். மத்ததெல்லாம் அது பாத்துக்கும்."

அந்த அம்மா முறைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, முந்தானையை எடுத்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா உட்கார்ந்ததும் சங்கரலிங்கம் சலவை வேட்டியை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் தேக்கு நாற்காலிகள் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒருவரும் இல்லை. எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு, மழை பெய்ததா, ஏலக்காய் என்ன விலை என்று கிசுகிசுவென்று பேசினார்கள்.

சாம்பி வந்தது. செல்வமணியைத் தாண்டி நேரே அந்த அம்மாவிடம் போனது. சுற்றிய முந்தானையை மோந்தது. அவள் முழங்கையில் தலையை ஒரு தேய்ப்புத் தேய்த்தது.

"ஏ ஆத்தா, என்னயத் தொட்டுட்டுடா சங்கரலிங்கம்!" என்றாள், சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மூச்சுக்குள்ளேயே.

பூனை கருவாட்டைக் கவ்விக்கொண்டு போர்வைக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பச்சைப் பட்டில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வெற்றிலைத் தட்டு அப்படியே கைமாறியது. என் மகளின் சம்பந்தத்தைத் தேனிக்கே கேட்கும்படி பேசி முடிக்க நினைத்திருந்தேன். கிசுகிசுத்து முடித்தேன்.

வேன் கிளம்பியது. "உங்க வீட்டுப் பூனைக்கு இருக்கிற மரியாதை!" என்று சங்கரலிங்கம் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். மொசைக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே வந்தேன். செல்வமணி இன்னும் அறை வாசலில்தான் இருந்தான். சாம்பி அவன் மடியை ஒட்டிப் படுத்திருந்தது. உள்ளே குட்டிகள் பால் தேடிக் கத்தின. நான் தூணோரமாக நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். மெதுவாக எழுந்து வந்து, பையிலிருந்த கடைசிக் கருவாட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான். தான் உட்கார்ந்திருந்த இடத்தை மோவாயால் காட்டினான். பிறகு வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனை திரும்புகிறவரை வெறுங்காலோடு நடந்து போனான்.