எலிக்கூடத்து ஹயாத் பாஷா

இடது அடுக்கில் உள்ள எலிகளுக்கு ஒரு சொட்டு சுறா எண்ணெய். வலது அடுக்குக்கு வெறும் கடலை எண்ணெய். ஹயாத் பாஷா ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கி, “வாயத் தொற நைனா” என்று சொல்லி, கண்ணாடிக் குழலால் ஊட்டிக்கொண்டே போகிறார். அத்தனையும் சினை எலிகள். இருந்தும் அவருக்கு நைனாதான்.

செங்கல்பட்டில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில் இந்த எலிக்கூடம். பாஷாவுக்கு இங்கே ஒன்பது வருஷ வேலை. விரல் நுனியெல்லாம் கடித்த தழும்பு. மாதமொரு முறை மாமல்லபுரம் போய், சுறா ஈரல் காய்ச்சுகிறவர்களிடம் எண்ணெய் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். அந்த வாடைக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை.

“எண்ணெயில ஏ வைட்டமின் கீது சார். தாய்க்கு அது பத்தலைன்னா, வவுத்துல கீற குட்டிக்கு நொரையீரல் கெளை வுடுன்னு சேதி போவாது. எப்டி போவுதுன்னு டாக்டருக்கே இன்னும் தெர்ல. போவலைன்னா, பொறந்து மூச்ச இஸ்துகினே செத்துரும்,” என்றார் பாஷா, கூடத்தைப் பார்க்க வந்த என்னிடம்.

வலது அடுக்கில் குட்டி விழுந்ததும் ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் சுப்புராமனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். உயிர் போவதற்குள் குட்டிகளை அறுத்து நுரையீரலை எடுத்தாக வேண்டும். குரல் கொடுப்பதும் பாஷாவின் வேலை.

போன வருஷம், எழுபத்து மூன்றில், அவர் மனைவி ஹபீபாவுக்கு ஐந்தாம் மாதம். பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்தாள். ஏ வைட்டமின் குறைந்தால் வரும் மாலைக்கண் என்று பாஷாவுக்குப் பட்டது. பாஷா டாக்டரிடம் கேட்டார்: “நம்ம எண்ணெ ரெண்டு சொட்டு குடுக்கலாமா சார்?”

“அது ஆராய்ச்சிக்கு வந்ததுப்பா. அளவு மீறினாலும் கெடுதல். ஆஸ்பத்திரியில காட்டு.”

ஆஸ்பத்திரியில் சிவப்பு டானிக் கொடுத்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அளவு மீறினால் என்னாகுமோ என்ற பயத்தில் பாஷா எண்ணெயைத் தொடவே இல்லை.

மாசம் நிறைந்து ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. நெஞ்சு குழிவிழ மூச்சை இழுத்தது. இருபது நிமிஷத்தில் உதடு நீலமாகி அடங்கிவிட்டது. அந்த இழுப்பு என்னவென்று அந்த அறையில் இருந்தவர்களில் பாஷாவுக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் வேலைக்கு வந்தபோது, ‘அதனாலதானா சார்?’ என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு கேஸை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

“மெய்தான்,” என்றார் பாஷா என்னிடம். “எலின்னா நாப்பது செத்தாத்தான் கணக்கு. எனக்கு இன்னா பண்றது, ஒண்ணுதான் இருந்தது.”

அப்போது வலது அடுக்கில் ஒரு கூண்டில் கீச்சென்று மெல்லிய சத்தம். தாய் எலியின் வயிற்றடியில் ஏழெட்டுச் சிவப்புக் குட்டிகள், வாயைத் திறந்து திறந்து மூடின. தாய் அவற்றை நக்கிக்கொண்டிருந்தது.

“பாஷா, ஏதாவது போட்டுச்சா?” உள்ளேயிருந்து டாக்டரின் குரல்.

பாஷா கூண்டுக்கு முன்னால் போய், அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் இல்ல சார்.”

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.