இரண்டாவது சாவி

எங்கள் சபையில் புது வண்டிக்கு ஜெபிக்க ஒரு முறை உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியின் சாவியைக் காணிக்கைத் தட்டில் வைத்துப் பாஸ்டர் ஐயாவிடம் கொடுக்க வேண்டும். அவர் தட்டை உயர்த்திப் பிடித்து, "ஆண்டவரே, இது உம்முடையது, உமக்கே ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஜெபிப்பார். எல்லோரும் ஆமென் சொன்னதும் சாவி திரும்பக் கைக்கு வந்துவிடும். மொத்தம் இரண்டு நிமிடம்.

ஓசூரில் எங்கள் சபையில் பாதிப் பேர் வண்டியோ வண்டிக்கான பாகமோ செய்கிற வேலையில் இருக்கிறோம். மாதத்துக்கு ஒரு சாவியாவது தட்டில் ஏறும். முதலில் பைக், அடுத்து கார், அடுத்து பாகலூர் சாலையில் ஒரு வீட்டுமனை. இந்த வரிசையில் மேலே போவதைத்தான் ஆவிக்குரிய வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல யார் யாரை முன்னால் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அளவு சோதிக்கும் அறையில் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. ஜெபத்துக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன்: கேட்டது, கேட்ட தேதி, கிடைத்த தேதி. கார் என்ற வரிக்கு எதிரே மூன்றாவது கட்டத்தை நிரப்பிய அன்று நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை எடுக்க ஷோரூமுக்குப் போனபோதும் முப்பத்தாறு வரியில் ஒரு சரிபார்ப்புத் தாள் கொண்டுபோனேன். கடைசி வரி: இரண்டு சாவிகளும் வந்தனவா? வந்தன.

அந்த ஞாயிறு ஐயா அவசரத்தில் இருந்தார். வேப்பனப்பள்ளியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். அழைத்துப்போக வந்தவர் பைக்கை அணைக்காமலே வாசலில் நின்றார். ஐயா என் சாவிக்கு ஜெபித்தார், ஆமென் சொன்னார், பைபிளை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். தட்டைப் பார்த்தால் காலி. சாவி அவருடைய ஜிப்பாப் பையோடு போய்விட்டது.

ரிப்பன் கட்டிய காரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கிருஷ்ணகிரியில் அம்மா பிரியாணி செய்துவிட்டுக் காத்திருந்தார். ஐயாவின் போன் அடித்து அடித்து நின்றது.

"இத்தன நாளா குடுத்துக் குடுத்து வாங்கினோம். இன்னிக்கு நெசமாவே எடுத்துக்கிட்டாரு" என்றார் ஒரு பிரதர்.

நான் பதறவில்லை. கைப்பையைத் திறந்து இரண்டாவது சாவியை எடுத்தேன்.

அப்போதுதான் அந்த அக்கா வாயைத் திறந்தார். கார்மெண்ட் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவர். சொந்த ஊர் அஞ்செட்டிக்கு மேலே காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். கிண்டல் செய்யாமல் சபையில் யாரையும் விட்டுவைக்க மாட்டார்.

"இரு பாப்பா. தட்டுல ஒண்ண வெச்சிட்டு, பையில ஒண்ண வெச்சிருந்தியா?"

"எல்லாக் காருக்கும் ரெண்டு சாவி குடுப்பாங்கக்கா."

"அது எனக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிருஷ்ணகிரி போகும் வழியெல்லாம் கார் அருமையாக ஓடியது. மனம் மட்டும் ஒரே இடத்தில் நின்றது. எங்கள் சபையில் இதுவரை ஒருவர்கூட இரண்டு சாவியையும் தட்டில் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

மாலையில் ஐயா போன் செய்தார். "மன்னிச்சிடுங்கம்மா. துவைக்கப் போடறப்பதான் ஜிப்பாவுல கனமா ஏதோ தட்டுப்பட்டுது. புதன்கிழமை கூட்டத்துல குடுத்துடறேன்."

நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் வேலையிலிருந்து வந்ததும் முதலில் கீழே நிற்கும் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எதற்கு என்று நோட்டில் எழுத உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. பாஸ்டர் என் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேனா? ஆம், கொஞ்சம் பயந்தேன். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த வண்டியின் சாவி ஆண்டவருடைய ஊழியக்காரரிடம் இருந்ததற்கே எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆறு வருடமாக ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. என்னிடமிருந்து வெளியே போனது என்று ஒரு வரி இல்லை. அதற்குக் கட்டமே போடவில்லை. எங்கள் அறையில் அளவுக் கருவிகளையே குறித்த நாளில் சோதனைக்கு அனுப்புவோம். கருவி தப்பாக இருந்தால் அதில் அளந்த அத்தனையும் தப்பு. என் கருவியை நான் சோதிக்கவே இல்லை.

புதன்கிழமை ஐயா சாவியைத் தந்தார். கூட்டம் தொடங்கியதும் அக்கா எழுந்து ஒரு ஜெபக்குறிப்பு சொன்னார். ஊரில் இருக்கும் அவருடைய தங்கை ஏழு மாத கர்ப்பிணி. ரத்த அழுத்தம் அதிகம். கால் வீங்கினாலோ கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் நாளுக்கு இரண்டு முறைதான்.

"போன வாட்டி தார் ரோடு வரைக்கும் கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ஆம்புலன்ஸ் மண் ரோட்டுல எறங்க மாட்டேன்னு அங்கதான் நின்னுட்டிருந்துது. புள்ள தங்கல" என்றார் அக்கா. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "இங்க வந்து எங்கூட இருடின்னா, மாட்ட யாரு பாக்கறதுங்கறா."

எல்லோரும் முழங்காலில் நின்று, ஆண்டவர் ஒரு வழியைத் திறக்க வேண்டும் என்று ஜெபித்தோம். நானும் உருக்கமாகத்தான் ஜெபித்தேன். என் வலது கையில் கார் சாவி இருந்தது. இன்னொன்று பையில் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் நான் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். கார் வீட்டுக்குக் கீழே சும்மா நிற்கிறது. ஆமென் சொல்வதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது.

அக்காவின் கணவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேன் டிரைவர். காலையிலும் மாலையிலும் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குவார், நடுவில் சும்மா இருப்பார். வேன் முதலாளி டிரிப்புக்கு வெளியே வண்டியைத் தர மாட்டார். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், இரண்டாவது சாவியோடு ஒரு தாளையும் நீட்டினேன். ஐந்து நிபந்தனைகள்.

அக்கா வாசித்தார். "வண்டியை எடுக்குமுன் போன் செய்ய வேண்டும்." நிமிர்ந்து பார்த்தார். "வேல நேரத்துல உன் போனு எங்க இருக்கும் பாப்பா?"

"லாக்கர்லக்கா."

"அப்ப ஆண்டவருக்குத்தான் போன் போடணும்."

அண்ணன் உள்ளேயிருந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். "பாவம் அந்தப் பொண்ணு, விடுங்கறாரு" என்று அக்கா மொழிபெயர்த்தார்.

நான் பேனாவை எடுத்து முதல் நிபந்தனையை அடித்தேன். அது போனதும் மற்ற நான்குக்கும் வேலையில்லை. அவற்றையும் அடித்துவிட்டு, கீழே ஒன்றே ஒன்று எழுதினேன், அது எனக்கு: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

கேட்டு வாங்கிப்போகிற வண்டிக்கும், கேட்காமலே எடுக்கக்கூடிய வண்டிக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அன்று அறிந்தேன். கேட்டால் கொடுப்பதில் நான்தான் முதலாளி. மறுக்கும் உரிமை என்னிடமே இருக்கும், கொடுத்த பெருமையும் கிடைக்கும். கார் வாங்கியதற்கு நான் வெட்கப்படவில்லை. உழைத்து வாங்கினேன், எனக்குப் பிடித்திருக்கிறது. நான் விட வேண்டியிருந்தது காரை அல்ல, என்னைக் கேட்க வேண்டும் என்பதை.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். தூறல் போட்டிருந்தது. கார் நிற்கும் இடத்தில் கார் இல்லை. தரையில் அதன் அளவுக்கு ஒரு நீள்சதுரம்கூட உலர்ந்திருக்கவில்லை. தூறலுக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். என் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைத் தேடியது. பிறகுதான் கண் மங்கிவிட்டதா, கால் வீங்கிவிட்டதா என்று நினைத்தேன். இந்த வரிசையையும் நோட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

போன் செய்யவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அக்காவே அழைத்தார்.

"ஓசூர் பெரியாஸ்பத்திரில இருக்கோம். அவரு மண் ரோட்டுலயே வீட்டு வாசல் வரைக்கும் வண்டியக் கொண்டுபோயிட்டாரு. ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. பொட்டப்புள்ள. ரெண்டு கிலோதான் இருக்குது, கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க, தப்பிச்சுக்கும்ங்கறாங்க. தங்கச்சியும் கண்ணத் தெறந்துட்டா."

நான் படியிலிருந்து எழுந்து நின்றேன்.

"கேக்குதா பாப்பா? உன் பின் சீட்டு போச்சு. ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி. அதையும் சொல்லிடறேன்."

"இருக்கட்டும்க்கா."

"எப்படி இருக்கும்? நாளைக்கு வந்து நானே கழுவறேன்."

கழுவினார். கறை முழுதாகப் போகவில்லை. அண்ணன் தன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்த டிரைவர் சீட்டை மட்டும் நான் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

ஐயா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அக்கா சொல்லட்டும் என்றேன். அக்கா கார் யாருடையது என்றே சொல்லவில்லை. "ஒரு வண்டி வந்துது" என்றார். நான் பின்வரிசையில் இருந்து ஆமென் சொன்னேன்.

இரண்டாவது சாவி இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது. வாங்கிக்கொள் என்று அவர்கள் இரண்டு முறை கொண்டுவந்தார்கள், நான் வாங்கவில்லை. அந்தப் பக்கம் இன்னும் பஸ் இரண்டு முறைதான்.

போன ஞாயிறு ஒரு பிரதர் புதுக் கார் வாங்கிச் சாவியைத் தட்டில் வைத்தார். ஐயா தட்டை உயர்த்தினார். கண்ணை மூடுவதற்குள் பெண்கள் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிரதர், இன்னொண்ணு எங்க?"

சபை சிரித்தது. பிரதரின் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. ஐயாவும் சிரித்துவிட்டு, தட்டைப் பிடித்தபடியே அவருக்காகக் காத்திருந்தார்.