உல்ரிகாவுக்கு ஒரு கிளை

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் வரும் மாடியறையில் சஃப்ரீனின் எம்ப்ராய்டரி மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே படத்தை ஆறு துணிகளில் ஒரே சமயத்தில் தைக்கிற மெஷின். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று படத்தைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் பிரித்துக் கொடுப்பதற்குப் பஞ்சிங் என்று பெயர். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. இப்போது பஞ்சிங்கில் அவளை மிஞ்ச மாஹிம் வரைக்கும் ஆள் கிடையாது.

ஸ்கூல் பேட்ஜ், ஓட்டல்காரர்களின் ஏப்ரன், கட்சித் துண்டு என்று எல்லாம் தைத்தவளிடம் ஒரு சனிக்கிழமை மதியம் நகுல் வந்தான். மாட்டுங்கா தமிழ் வீட்டுப் பையன், செம்பூரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மே மாத வெயிலிலும் ஜீன்ஸ் துணியில் கையில்லாத கோட்டு போட்டிருந்தான்.

"கோட்டுல ஒட்டித் தைக்கப் பன்னெண்டு பேட்ச் வேணும் அக்கா. எங்க பேண்டோட பேரு."

"நீங்க பாடுவியளா தம்பி?"

"நாங்க வெறும் ஃபேன்ஸ். பேண்ட் ஸ்வீடன்ல இருக்கு. பவர் மெட்டல்னு, வேகமான ராக் மியூசிக்."

பேண்டின் பெயர் ஹிம்மல்யேர்ன். வானத்து இரும்பு என்று அர்த்தமாம். எழுத்தெல்லாம் கத்தியும் ஈட்டியுமாக இருந்தது. நடுவில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள். அவன் கொடுத்த ஃபோட்டோவில் விழுந்த தூசி என்று நினைத்து சஃப்ரீன் அதைத் துடைத்துவிட்டாள். பன்னிரண்டும் அச்சாக வந்தன. வாங்கிப் பார்த்த நகுலின் முகம் தொங்கிப்போயிற்று.

"புள்ளி எங்க அக்கா? புள்ளி இல்லன்னா அது வார்த்தையே இல்ல!"

ஐந்து வயதில் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போனவள் அவள். அரபியில் ஒரு நுக்தா, ஒரு புள்ளி, கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும் என்று உஸ்தாத் சொல்லிச் சொல்லி ஓதக் கற்றவள். இது அவளுக்கு ரோஷமாகிவிட்டது.

"உக்காருங்க. இப்பமே தச்சுத் தாரேன்."

மெஷின் ஓடிய ஒன்றரை மணி நேரமும் நகுல் பேண்டின் கதையைச் சொன்னான். வடக்கு ஸ்வீடனில் ஓர் ஆற்றங்கரை ஊர். மர ஆலையின் பின்னறையில் நாலு பேர் கூடி ஆரம்பித்தார்கள். இரண்டு கிட்டார் ஜோடியாக வாசிப்பது பிரிட்டன்காரர்களிடமிருந்து வந்தது. வேகம் ஜெர்மன்காரர்களிடமிருந்து. கூட்டமாகக் குரலெழுப்புவது ஊர்ச் சர்ச்சில் பாடிப் பழகியது. பாடகர்கள் மட்டும் மூன்று பேர் மாறிவிட்டார்கள். சஃப்ரீன் சம்பந்தம் பேச வந்த வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். யாருக்கு மூப்பு, யார் யாரோடு பேசுவதில்லை, அந்த முதல் பாடகர் ஏன் கோபித்துக்கொண்டு போனார்.

"மெட்டெல்லாம் யாரு போட்டது?"

"முதல் ஆல்பத்துல பாதிக்கு மேல உல்ரிகா. பாஸ் கிட்டார் வாசிச்சா. அப்பறம் விட்டுட்டுப் போயிட்டா."

அடுத்த வருஷம் அந்த பேண்டே மும்பைக்கு வருவதாக ஆயிற்று. நகுலும் நண்பர்களும் கோட்டின் முதுகு நிறைய ஒரு பெரிய பேட்ச் கேட்டார்கள். பேண்டின் வம்ச மரம். வேரில் பிரிட்டன், ஜெர்மனி, சர்ச். அடிமரமாகக் கிட்டார்காரர் ஹென்னிங். கிளைகளில் மற்றவர்கள். சஃப்ரீன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள்.

"உல்ரிகா எங்க?"

"வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். நடு டூர்ல விட்டுட்டுப் போனவ அவ."

"விட்டுட்டுப் போனா போட்ட மெட்டு போயிருமா? இன்னைக்கும் அதத்தான பாடுதாக?"

"க்ரூப்ல ஓட்டுப் போட்டாச்சு அக்கா."

அவள் தலைக்கு மேல் தொங்கிய பலகையில் 'ஹாதி பிரதர்ஸ்' என்று எழுதியிருந்தது. அந்த பிரதர்ஸில் ஒருவர்கூட இந்த மெஷினைத் தொட்டது கிடையாது. புருஷன் அப்துல் ஹாதி அம்பர்நாத்தில் பெயின்ட் கம்பெனிக்குப் போய் வருகிறான். மைத்துனர் துபாய் போய் ஒன்பது வருஷமாகிறது.

"அப்பம் வேற கடை பாத்துக்கிடுங்க தம்பி" என்றாள்.

நகுல் ஏணியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்தான். "சரி. சின்னதா போடுங்க."

அவள் சின்னதாகப் போடவில்லை. இடப்பக்கம் ஒரு நல்ல கிளையாகவே போட்டாள். க்ரூப்பில் இரண்டு நாள் சண்டை நடந்தது. ஆனால் கச்சேரிக்கு ஆறு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் பன்னிரண்டு பேரும் அதையே முதுகில் மாட்டிக்கொண்டு போனார்கள். கச்சேரிக்குப் பிறகு கையெழுத்து வாங்க வரிசையில் நின்றபோது ஹென்னிங் நகுலைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகை வெகுநேரம் பார்த்தாராம். பிறகு தன் ஃபோனில் ஒரு படம் எடுத்து, நகுலின் மெயில் முகவரியையும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து உல்ரிகாவிடமிருந்து நகுலுக்கு மெயில் வந்தது. இப்போது அதே ஊரில் பஸ் ஓட்டுகிறாள். ஹென்னிங் அனுப்பிய படத்தைப் பார்த்து அழுததாக எழுதியிருந்தாள். உடனே ஒரு திருத்தமும் சொல்லியிருந்தாள். அந்த மெட்டுகள் எந்த பிரிட்டன்காரரிடமிருந்தும் வரவில்லை. சனிக்கிழமை நடனங்களுக்கு அவளுடைய அப்பா, மார்போடு வைத்து இழுத்து அமுக்கும் அக்கார்டியனில் வாசித்தவை. அவற்றைத்தான் வேகமாக்கினாள். மரத்தின் வேரில் ஓர் அக்கார்டியன் வேண்டும்.

நகுல் பன்னிரண்டு கோட்டுகளையும் ஒரு சாக்கில் கட்டித் தூக்கி வந்தான். "அக்கா, வரலாறு மாறிடுச்சு" என்றான், அசடு வழிந்தபடி.

அக்கார்டியன் லேசில் வரவில்லை. முதல் தடவை அதன் மடிப்புகள் ஒட்டிக்கொண்டன. இரண்டாவதைப் பார்த்துவிட்டு அப்துல் ஹாதி, "இது என்னது, தல வாருத சீப்பா?" என்று கேட்டான். நூலை மெல்லிசாக்கி, மடிப்புக்கு மடிப்பு இடைவெளி விட்டு மூன்றாவது தடவை தைத்தபோது, இழுத்தால் சத்தம் வரும்போல இருந்தது. பதிமூன்றாவதாக ஒரு முழு மரத்தைத் தைத்து, சஃப்ரீனே போஸ்ட் ஆபீஸில் நின்று ஸ்வீடனுக்கு அனுப்பினாள்.

உல்ரிகா பதிலுக்கு முதல் ஆல்பத்தின் சிடியை அனுப்பியிருந்தாள். அட்டையில் சஃப்ரீனின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள். சிடி போட வீட்டில் எதுவும் இல்லை. நகுல் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஷினை நிறுத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நகுலும் தரையில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பாட்டு தனிக் கிட்டாரில் மெதுவாக ஆரம்பித்தது. ஊஞ்சல் போல ஆடி ஆடி வருகிற மெட்டு. சஃப்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் தானாக முழங்காலில் தாளம் போட்டது. அப்போது திடுதிப்பென்று டிரம்மும் இன்னொரு கிட்டாரும் ஒன்றாக இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தன. ஏணி அதிர்ந்தது. நகுல் தலையை ஆட்ட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து அப்துல் ஹாதியும் ஆட்டினான்.

"நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு!" என்று சஃப்ரீன் வாய்விட்டுச் சிரித்தாள்.