எஞ்சினை அணைக்கும் பழக்கம்

கிள்ளானில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. நான் மலேசியாவுக்கு வந்த புதிதிலேயே கண்ட விஷயம் இது. இன்றுவரை எனக்குப் பழகாத விஷயமும் இதுதான். மளிகைக் கடை முன்னால், ரொட்டி சானாய் கடை முன்னால், பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் உறுமியபடியே நிற்கும். ஆள் கடைக்குள் போய், தேநீரைப் பையில் கட்டி வாங்கி, தெரிந்தவரிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும்வரை உள்ளே ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் அப்படி என்பார்கள். நாமக்கல்லில் இல்லாத வெயிலா? வந்த முதல் மாதம், லிட்டில் இந்தியா தெருவில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பிக்கப்பை என் வீட்டுக்காரர் செந்தில் பார்த்துவிட்டார். பிக்கப்புக்கு இங்கே ‘ஃபோர் வீல்’ என்று பெயர். பாவம், மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். கையில் சோற்றுப் பொட்டலத்தோடு மலாய்க்காரர் ஒருவர் ஓடிவந்தார். “ஹோய்! அப்பா புவாட்?” என்ன செய்கிறாய் என்கிறார் என்பது மொழி தெரியாமலே புரிந்தது. செந்தில் பெருமையோடு, “டீசல், வேஸ்ட்” என்றார். அந்த மனிதர் பதறிப்போய் டீசல் மூடியைத் திறந்து பார்த்தார். திருட வந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, செந்திலை இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதற்குச் சிரிக்க எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது, ஏனென்றால் அங்கே எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். நாமக்கல் லாரி ஊர். செந்தில் வளர்ந்தது பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில். எங்கள் பக்கம் ரயில்வே கேட் சாத்தினால் முதலில் பஸ் அணையும், பிறகு லாரிகள், கடைசியில் பைக்குகள். கடலை விற்பவரின் குரல் அப்போதுதான் காதில் விழும். ரயில் போனதும் எல்லாரும் ஒரே சமயத்தில் முறுக்கி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு குறுக்கே புகுவதும் அதே ஊர்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நின்றால் அணைக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செந்திலுக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வேலை பார்க்கும் மொத்த மளிகைக் கடை கிள்ளானில் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர்க் கடைகளுக்கும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பங்சார் உணவகங்களுக்கும், செமினி பக்கம் முளைத்திருக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் அரிசியும் மசாலாவும் போகும். முதலாளி கணேசனைக் கடையில் எல்லாரும் தவுக்கே என்பார்கள். ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, தன் முயற்சியில் மேலே வந்தவர். இளமையில் ஃபோர் வீல் வைத்திருந்து, பிறகு வேனுக்கு மாறியவர். இப்போது நடுத்தர பிக்கப்புகள் மறுபடி புதுப்புது முகத்தோடு ஷோரூம்களில் வந்து நிற்கவே அவருக்குப் பழைய ஆசை திரும்பிவிட்டது. எந்த எஞ்சின் என்பதில்தான் குழப்பம்.

“தம்பி, உங்க ஊரு லோரிக்குப் பேரு போன ஊரு லா. நீங்களே சொல்லுங்க, எத எடுக்கலாம்?” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் என் வீட்டுக்காரர் குளிர்ந்துபோனார். ஒரு வாரம் வீட்டில் சோற்றுக்குப் பதிலாக அவர் எஞ்சினைத்தான் பரிமாறினார் என்று சொல்லலாம். பெட்ரோல் என்றால் ஓட்ட சுகம், ஆனால் மூட்டை ஏற்றினால் குடித்துத் தீர்த்துவிடும். பழைய வகைப் பெரிய டீசல் எஞ்சின் புகையும், முனகும், ஆனால் எதையும் தாங்கும். புது வகைச் சின்ன டீசல், டர்போவை வைத்துக்கொண்டு பெரியதற்குச் சமமாக இழுக்கும், குறைவாகக் குடிக்கும், புகையே வராது. புகைபோக்கும் குழாயில் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி சூட்டில் தானாக எரிந்துபோகும். ஷோரூமில் வண்டியை விற்ற பெண், “அப்பப்ப லாங் டிரைவ் போகணும், பாஸ்” என்று சொன்னாள்தான். வண்டியில் ஊர் சுற்றுவதைக் காட்டும் விளம்பரங்களைப் போல இதுவும் விற்பனைப் பேச்சு என்று செந்தில் சிரித்துக்கொண்டார். செந்தில் சொன்னபடி சின்ன டீசலே வந்தது. வண்டிக்குத் தேங்காய் உடைத்த அன்று தவுக்கே சாவியை அவர் கையில்தான் கொடுத்தார்.

ஹைவேயில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் செமினிக்கு அவர் ஓட்டிய வரையில் ஒரு குறையும் இல்லை. பிறகு அந்தப் பாதைக்குச் சரக்கு கூடி, லாரி போகத் தொடங்கியது. பிக்கப் கிள்ளானுக்குள்ளேயே சுற்றியது. ஒரு கடை, ஒரு மூட்டை, அணை. அடுத்த கடை, இரண்டு மூட்டை, அணை. செந்தில் டீசல் மிச்சப்படுத்துவதைத் தவுக்கே எல்லாரிடமும் சொல்லிப் புகழ்ந்தார். வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்று அவசரமாகச் சரக்கு கேட்க, அங்கே பூ வாங்கலாம் என்று நானும் கூடப் போனேன். ஃபெடரல் ஹைவேயில் வலப்பக்க வேகத் தடத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று இழுவை இழந்து நொண்டியது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன் என் முதுகிலேயே விழுந்தது. எப்படியோ ஓரம் கட்டினோம். செந்திலின் கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

இங்கே மெக்கானிக்கை ஃபோர்மென் என்பார்கள். எங்களுக்கு வாய்த்த ஃபோர்மென் ஒரு சீனர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கையடக்கக் கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு, “ஜாலான் பெண்டேக் சாஜா, பாஸ்” என்றார். குறைந்த தூரமே ஓட்டுகிறாய் என்று அர்த்தம். கரி எரியத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ எஞ்சினை அணைத்திருக்கிறார்கள், வடிகட்டி அடைத்துப்போனது என்று பாதி மலாயிலும் பாதிக் கைச்சாடையிலும் விளக்கினார். பிறகு செந்திலைப் பார்த்து, “யூ கெடெகுட் கா?” என்று சிரித்தார். ஏதோ உதிரி பாகத்தின் பெயர் என்று நினைத்து இவர், “புதுசு மாத்தினா எவ்வளவு ஆகும்?” என்றார். பட்டறையே சிரித்தது. கருமியா நீ என்று கேட்டிருக்கிறார் என்பதை மூலையில் டயர் கழற்றிக்கொண்டிருந்த தமிழர்தான் எங்களுக்குச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் கவலை வேறு. செந்தில் இந்த நாட்டில் வேலை பார்ப்பதற்கான அனுமதி, அதாவது வேலை பாஸ், இந்த வருஷக் கடைசியில் முடிகிறது. தவுக்கே கையெழுத்துப் போட்டால் புதுப் பாஸ் உண்டு, இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். செந்திலின் மனைவி என்பதைத் தவிர எனக்கு இங்கே இருக்க வேறு தகுதி கிடையாது. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், இங்கே வேலைக்குப் போக முடியாமல் ஜன்னல் வழியே ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் திரும்பிப் போக ஆசையா என்றால், வேலையில்லாமல் அவர் நாமக்கல் போய் இறங்கி நிற்கும் காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தவுக்கேயோ வண்டியிலேயே கோளாறு என்று முடிவுகட்டிவிட்டார். திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போய், அந்த விற்பனைப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்கவைக்கிறேன் பார் என்று குதித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லாதீங்க” என்றேன் வீட்டுக்கு வந்ததும். “அவரா நினைச்சுக்கிட்டாரு. நினைச்சுட்டுப் போகட்டும். பாஸ் கைக்கு வரட்டும்.”

“என்ற கையால கெட்டதுக்கு அந்தப் புள்ள பேச்சு வாங்கோணுமா?”

“அந்தப் பிள்ளைக்கு இது சொந்த ஊரு. நமக்கு?”

அவர் எழுந்து போய், ஆளில்லாத அறையில் சுற்றிய மின்விசிறியை அணைத்தார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் இருவரும் தூங்குவது போல நடித்தோம். அடுத்த நாள் காலை அவர் கடைக்குப் போய், தவுக்கே முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாரு?”

“கணக்கு நோட்ட மூடி வெச்சாரு. அப்புறம், ‘நல்ல வண்டிய நல்ல பழக்கமே கொன்னுருச்சு லா’ன்னாரு.”

“பாஸ்?”

“கேட்டேன். ‘வருசக் கடைசியில பாப்போம்’ன்னுட்டாரு.”

கோபத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று செந்திலைத் துருவித் துருவிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியாகிவிட்டது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியை ஹைவேயில் நிற்காமல் ஓட்டிக் கரியை எரித்துவிட்டு வர வேண்டும் என்பது தவுக்கேயின் கட்டளை. கிள்ளானிலிருந்து அதற்குத் தோதான நீளத்தில் ஒரே ஒரு பாதைதான் செந்திலுக்குப் பழக்கம். அது விமான நிலையத்துக்குப் போகும் பாதை.

ஆகவே இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மூட்டையும் இல்லாத பிக்கப்பில், ஒரு வேலையும் இல்லாமல், விமான நிலையம் வரை போய்த் திரும்புகிறோம். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கும். காரணமில்லாமல் டீசல் எரிவது அவருக்கு வலிக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவேன். பாஸைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

போன ஞாயிறு திரும்புவதற்காகப் புறப்பாட்டு வாசல் வழியே சுற்றி வந்தோம். திருச்சி விமானத்துக்கு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நைலான் கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. துறையூர் என்று ஒரு பெட்டியைப் படித்தேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். “கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நிறுத்தினார். பெட்டிக்குச் சொந்தக்காரர் குனிந்து தன் சின்ன மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் காவலர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். இளம் வயது, மரியாதையான முகம். “ஹந்தார் ஓராங் கா, அம்பில் ஓராங்?” என்றார். இவ்வளவு மலாய் எங்களுக்கு வந்துவிட்டது. யாரையாவது அனுப்ப வந்தீர்களா, அழைத்துப்போக வந்தீர்களா என்று கேட்கிறார். அனுப்ப வந்தவர்கள் இறக்கிவிட்டு நகர வேண்டும், அழைத்துப்போக வந்தவர்கள் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். செந்தில் என் பக்கம் திரும்பினார்.

“என்னன்னு சொல்லட்டும்?”

பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க” என்றேன்.