அட்டை ஓட்டையில் விழுந்த சூரியன்

பல்லடத்தில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் இல்லாத காலையை நான் அன்றுதான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சூரிய கிரகணம். எனக்குப் பத்து வயது. அம்மா ஏழு மாதக் கர்ப்பம்.

முந்தின நாள் மாலையே அத்தை வெள்ளகோவிலிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் எதுவும் அவள் சொன்னபடிதான் நடக்கும். வந்த கையோடு நூல் பெட்டிகளைப் பிரித்து, அந்த அட்டைகளால் உள் அறை ஜன்னலை அடைக்க அப்பாவிடம் சொன்னாள்.

“கெரகணம் உடற வரைக்கும் பிள்ளத்தாச்சி மேல ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது தம்பி.”

காலையில் அம்மா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தையும் அப்பாவும் முன்னறையில் உட்கார்ந்து, அதே கிரகணத்தை டிவியில் நேரலையாகப் பார்த்தார்கள்.

பள்ளியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி என்னிடம் இருந்தது. நான் பின்வாசல் வழியாக வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கதவும் திறக்கவில்லை. தெரு முழுக்க நான் ஒருத்தி மட்டும் அண்ணாந்து நின்றேன். சூரியனின் ஓரத்தை யாரோ கடித்தது போலிருந்தது. கடி பெரிதாகிக்கொண்டே வந்தது. “அங்கே பார்” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாதது அழுகையாக வந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு உள் அறை ஜன்னலடிக்கு ஓடினேன்.

“அம்மா, சூரியன் பாதி போயிருச்சும்மா.”

“தெரியுது கண்ணு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அட்டையில ஆணி போட்ட ஓட்ட ஒண்ணு இருக்குது. அது வழியா வெளிச்சம் வந்து தரையில விழுவுது. பிறையாட்டமே இருக்குது.”

எனக்குப் பயமாகிவிட்டது. “நான் அடைச்சுரட்டுமா?”

“வேண்டாம். நீ இங்கியே நில்லு.”

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள். “ஏங்கண்ணு, முழுசா மறைக்காம சுத்தீலும் வளையம் உட்டுருமாமா. அதெப்படி?”

டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். நிலா நமக்கும் சூரியனுக்கும் குறுக்கே வருகிறது, அதன் நிழல் நம் மேல் விழுகிறது. நிலா சின்னதுதான், ஆனால் கிட்ட இருப்பதால் அவ்வளவு பெரிய சூரியனையும் மறைத்துவிடும். இன்றைக்கு அது கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் சிறிதாகத் தெரிகிறது. அது மறைக்க முடியாத ஓரம்தான் வளையம்.

“அப்படியா? அப்புறம்?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெயில் திடீரென்று வெளிறியது. கண்ணாடி வழியே பார்த்தேன். நெருப்பில் செய்த வளையல் ஒன்று வானத்தில் நின்றது.

“வந்துருச்சும்மா!”

“எங்கையில இருக்குது கண்ணு.” அம்மா வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டியிருக்க வேண்டும். “மோதிரம் அளவுதான் இருக்குது.”

அதன்பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

“ஏம்மா அழுவற?”

“அழுவலையே. வெளிச்சம் வந்துச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லீராத.”

நான் சொல்லவில்லை. மாசியில் தம்பி பிறந்தான், ஒரு குறையும் இல்லாமல். தொட்டிலுக்கு முன்னால் வந்தவர்களிடமெல்லாம் அத்தை, “அன்னைக்கு நான் அடைச்சு வெக்கலீன்னா என்னாயிருக்கும்?” என்றாள். “ஆமாங்க” என்றாள் அம்மா. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு விளக்கமாகச் சொல்லியும் அம்மாவுக்குப் புரியவில்லையே!

அம்மா கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்தவள் என்பது எனக்கு அப்போதே தெரியும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதும் தெரியும். சந்திர கிரகணத்தன்று சாயங்காலம் அம்மா கொடியிலிருந்த துணியை எடுக்க வெளியே போனதால்தான் அப்படி ஆயிற்று என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்திருந்தது. ஆனாலும், அம்மா நிலாவின் நிழலுக்குப் பயந்துதான் அந்த அறைக்குள் இருந்தாள் என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.